முகம் காட்டாம பேசுற பேச்சு: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு வாசகி, ஃபேக் ஐடியில வந்து கண்டபடி திட்டுறவங்களை என்ன தான் செய்யறதுன்னு கேட்டிருந்தாங்க, நானும் சுருக்கமா ஒரு பதில் போட்டிருந்தேன். அதைப் படிச்சிட்டு அதே விஷயத்தை ஒட்டி நிறைய பேர் எழுதியிருக்கீங்க. அதனால இந்த தடவை வேற கேள்வியே எடுக்கல, முழுக்க இது ஒண்ணு தான். பேர் போடாதீங்கன்னு பலபேர் கேட்டிருந்ததால யார் பேரும் போடல.

அக்கா, எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருக்கார், அவ்ளோ சாதுவான ஆள், யார்கிட்டயும் குரலை உயர்த்திக்கூட பேசமாட்டார். அவர் வேற பேர்ல ஒரு விவாதக் குழுவுல எழுதுறதை தற்செயலா பாத்துட்டேன். படிக்கவே முடியல, அவ்ளோ கேவலமா திட்டியிருந்தார். அப்ப இத்தனை நாள் நான் பாத்தது நடிப்பா? முகமூடி போட்டா தான் மனுஷனோட உண்மையான முகம் தெரியும்னு சொல்றாங்களே, அது சரிதானா?

நடிப்புன்னு நினைக்காதீங்க தம்பி. ஆபீஸ்ல பாத்ததும் அவர் தான், அங்க பாத்ததும் அவர் தான். ஆனா இந்த "முகமூடி போட்டா தான் உண்மை முகம்"ங்கிற பேச்சை மட்டும் நான் ஒத்துக்கமாட்டேன், கேக்க நல்லா இருக்கே தவிர இதை உக்காந்து ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றது வேற.

ஜான் சூலர்னு ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியர் 2004ல ஒரு கட்டுரை எழுதினார், நெட்டுக்குள்ள வந்ததும் மனுஷனுக்கு ஏன் கூச்சம் விட்டுப்போகுதுங்கிறது தான் விஷயம், இன்னைக்கும் இதைப் பத்தி பேசுறவங்க பெரும்பாலும் அங்க இருந்து தான் ஆரம்பிக்கிறாங்க. அவர் ஆறு காரணம் சொல்றார், பேர் தெரியாதுங்கிறது அதுல ஒண்ணே ஒண்ணு தான். நம்மளை யாரும் பாக்கலைங்கிறது இன்னொண்ணு. அப்புறம் நாம கொட்டினதுக்கு பதில் உடனே வராது, கொட்டிட்டு எழுந்து போயிடலாம், எதிராளி என்ன ஆனார்னு பாக்க வேண்டிய அவசியமே இல்ல. எதிராளி எழுதினதை நாமளே மனசுக்குள்ள ஒரு குரல் குடுத்து தான் படிக்கிறோம், அவர் சாதாரணமா கேட்டிருப்பார், நம்ம காதுல அது நக்கலா விழும். இது நிஜ வாழ்க்கை இல்ல ஏதோ விளையாட்டு மாதிரின்னு ஒரு நினைப்பு, இங்க பெரியவங்க மேலதிகாரின்னு யாரும் இல்லைங்கிற நினைப்பு, இதெல்லாம் சேர்ந்து தான் கட்டு அவிழுது. அப்படி வெளிய வர்றது "உண்மையான நான்" இல்ல, நமக்குள்ள இருக்கிற பல நான்ல அந்த சூழ்நிலைக்கு எழுந்து வர்ற ஒண்ணுன்னு தான் அவரும் சொல்றார். எனக்கும் அது தான் சரியா படுது. தன்னை அடக்கிக்கிறதும் ஒரு மனுஷனோட சொந்த குணம் தானே, அதை மட்டும் ஏன் வேஷம்னு சொல்லணும்?

இஸ்ரேல்ல ஹைஃபா பல்கலைக்கழகத்துல நோவாம் லாபிடோட்-லெஃப்லர், அசி பராக்னு ரெண்டு பேர் செஞ்ச ஆராய்ச்சி 2012ல வந்துச்சு. முன்ன பின்ன தெரியாதவங்களை ரெண்டு ரெண்டு பேரா சாட்ல ஒரு விவாதம் பண்ண விட்டாங்க, உயிர் காக்கிற மருந்து ஒரு ஆளுக்கு தான் இருக்கு, யாருக்கு குடுக்கறதுன்னு. சில ஜோடிக்கு எதிராளி யாருன்னு விவரம் தெரியும், சிலருக்கு தெரியாது, சிலருக்கு கேமராவுல ஆள் தெரியும், சிலருக்கு தெரியாது, சிலருக்கு எதிராளியோட கண்ணு நேருக்கு நேரா தெரியற மாதிரி வெச்சாங்க. சண்டை எங்க தடிச்சதுன்னு பாத்தா பேர் தெரியாததை விட கண்ணு தெரியாதது தான் பெரிய காரணமா வந்து நிக்குது. இதை நான் பலபேர்கிட்ட சொல்லியிருக்கேன், ஏன்னா எல்லாரும் பேரையே பிடிச்சு தொங்குறோம், அங்க இல்லாம போனது பார்வை.

இன்னும் பழைய கதை ஒண்ணு இருக்கு, அது தான் உங்க கேள்விக்கு நேரான பதில். 1969ல ஃபிலிப் ஜிம்பார்டோங்கிற அமெரிக்க உளவியல் பேராசிரியர் காலேஜ் பொண்ணுங்க சிலருக்கு தலையோட சேர்த்து மூடுற அங்கியை மாட்டிவிட்டு இன்னொரு பொண்ணுக்கு ஷாக் குடுக்கச் சொன்னார், ஷாக் நிஜம் இல்ல ஆனா குடுக்கறவங்களுக்கு அது தெரியாது. மூஞ்சி மறைச்சவங்க, பேர் சொல்லி அறிமுகம் ஆனவங்களை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நேரம் பட்டனை அழுத்தினாங்க. இதோட நிறுத்தியிருந்தா "பாத்தியா, முகமூடி தான் குற்றவாளி"ன்னு முடிச்சிருக்கலாம். ஆனா பத்து வருஷம் கழிச்சு 1979ல ராபர்ட் ஜான்சன், லெஸ்லி டவுனிங்னு ரெண்டு பேர் அதே மாதிரி ஒரு சோதனையில பாதி பேருக்கு கறுப்பினத்தவங்களை கொடுமைப்படுத்தின கு க்ளக்ஸ் க்ளான் கும்பல் மாதிரி அங்கியும் மீதி பேருக்கு நர்ஸ் டிரஸ்ஸும் குடுத்து பாத்தாங்க. நர்ஸ் டிரஸ் போட்டவங்க யாருன்னு தெரியாம இருந்தப்ப ஷாக்கை இன்னும் குறைச்சாங்க. ரெண்டு பக்கமும் யாருன்னு தெரியாது, ஆனா ஒரு உடுப்பு கொடுமைக்கு இழுக்குது, இன்னொண்ணு இரக்கத்துக்கு இழுக்குது.

இதை வெச்சு தான் பின்னாடி 1990கள்ல ரெய்ச்சர், ஸ்பியர்ஸ், போஸ்ட்மெஸ்னு மூணு பேர் ஒரு கோட்பாடே சொன்னாங்க, பேர் மறைஞ்சா மனுஷன் கட்டுப்பாடு இல்லாம போறதில்ல, தான் ஒரு தனி ஆளுங்கிற நினைப்பு குறைஞ்சு அந்தக் கூட்டத்துல ஒருத்தன்ங்கிற நினைப்பு ஏறுது, அப்புறம் கூட்டத்தோட பழக்கம் எதுவோ அது தான் அவன் பழக்கம்னு. அதனால அவர் எப்படிப்பட்டவர்னு குழம்பறதை விட அவர் எழுதுற இடம் எப்படிப்பட்டதுன்னு ஒரு தடவை உள்ள போய் படிச்சு பாருங்க. யார் நல்லா திட்டுறாங்களோ அவங்களுக்கு லைக் குவியற இடமா இருந்தா அவருக்கு முன்னாடி நூறு பேர் அதே பாஷையில எழுதியிருப்பாங்க. இதை சொல்றதால அவர் பண்ணது சரின்னு ஆகாது, திட்டு வாங்கின ஆளுக்கு அது வலிச்சது வலிச்சது தான். ஆனா ஆபீஸ்ல இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க தம்பி. நெருங்கின பழக்கம் இருந்தா தனியா கூப்பிட்டு "நான் பாத்தேன் சார், மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு"ன்னு சொல்லிடுங்க. தெரிஞ்ச ஒருத்தர் படிக்கிறார்ங்கிறதே அவர் கையை கொஞ்சம் பிடிச்சு நிறுத்தும்.

அக்கா, பகல்ல நான் அமைதியா தான் இருக்கேன், ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி போனை எடுத்தா மட்டும் யார்கிட்டயாவது வம்பு இழுக்கத் தோணுது. எனக்கு ஏதாவது பிரச்சனையா?

நீங்க மட்டும் இல்ல. ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழக ஆளுங்க 2017ல ஒரு பெரிய செய்தி தளத்தோட கமெண்ட்டை எல்லாம் எடுத்து பாத்தாங்க, ராத்திரி நேரத்துலயும் வாரத்தோட ஆரம்பத்துலயும் தான் மோசமான கமெண்ட் கூடுது. கூடவே ஒரு சோதனையும் வெச்சாங்க. கஷ்டமான டெஸ்ட் எழுத வெச்சு மூட் கெட்டுப்போனவங்களுக்கு, ஏற்கனவே நாலு திட்டு இருக்கிற இடத்தை காட்டினா 68 சதவீத கமெண்ட் மோசமா வந்துச்சு, மூட் நல்லா இருந்து மேல இருந்த கமெண்ட்டும் மரியாதையா இருந்தப்ப அது 35 சதவீதம். சாதாரண ஆளுங்க தான் எல்லாரும். அதனால ராத்திரி எழுதுறதை எழுதி வெச்சுக்கோங்க, போஸ்ட் பண்ணாதீங்க, காலையில படிச்சிட்டு அப்பவும் சரின்னு பட்டா போடுங்க. களைச்சுப் போய் இருக்கும்போது சண்டை நடக்கிற த்ரெட்டை, அதாவது அந்தப் பதிவையும் அதுக்கு கீழ வர்ற பதில்களையும், திறக்காம இருந்தாலே பாதி வேலை முடிஞ்சுது.

மேடம், நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். எனக்குப் புரியவே இல்லை, எல்லாரும் அரசாங்க அடையாள எண்ணைக் கொடுத்தால்தான் கணக்கு திறக்க முடியும் என்று ஒரு சட்டம் போட்டால் இந்த அசிங்கம் எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடாதா?

சார், உங்க கோபம் நியாயமானது, ஆனா இதை ஒரு நாடு முழுசா செஞ்சே பாத்துடுச்சு. தென்கொரியாவுல 2007ல சட்டம் வந்துச்சு, ஒரு நாளைக்கு 3 லட்சம் பேருக்கு மேல வர்ற தளத்துல எழுதணும்னா அரசாங்க அடையாள எண்ணை வெச்சு நீங்க யாருன்னு உறுதி பண்ணணும், 2009ல அதை 1 லட்சம்னு இறக்கி இன்னும் நிறைய தளத்தை உள்ள கொண்டு வந்தாங்க. அந்த வருஷம் யூடியூப் இந்த விதிக்கு ஒத்துக்காம கொரியப் பக்கத்துல வீடியோ போடுறதையும் கமெண்ட் எழுதறதையும் நிறுத்தி வெச்சுது. அப்புறம் 2011 ஜூலையில நடந்தது தான் கொடுமை. நேட், சைவேர்ல்டுன்னு ரெண்டு பெரிய தளத்தை ஹேக் பண்ணி சுமார் 3.5 கோடி பேரோட தகவல் வெளிய போச்சு, அந்த நாட்டு ஜனத்தொகையே 5 கோடி தான் சார். ஜனங்களோட அடையாள எண் எல்லாம் இப்படி தளம் தளமா கொண்டு போய் குவிச்சு வெச்சா திருடனுக்கு அதை விட என்ன வேணும். 2012 ஆகஸ்ட்ல அரசியல் சாசன நீதிமன்றம் அந்த சட்டத்தை ஒருமனதா ரத்து பண்ணிடுச்சு, சட்ட விரோதமான பதிவு சொல்லிக்கற அளவுக்கு குறையலைங்கிறதையும் ஜனங்க வெளிநாட்டு தளத்துக்கு ஓடிட்டாங்கங்கிறதையும் தீர்ப்புலயே எடுத்து சொன்னாங்க.

இன்னொரு பக்கமும் பாருங்க. சொந்தப் பேர்ல எழுதினா மரியாதையா எழுதுவாங்கன்னு நாம தான் நினைக்கிறோம். ஸூரிச் பல்கலைக்கழகத்துல கட்யா ரோஸ்ட்டும் அவங்க கூட சேர்ந்தவங்களும் ஒரு ஜெர்மன் மனு தளத்துல வந்த 5 லட்சத்துக்கும் மேல கமெண்ட்டை அலசி 2016ல எழுதினாங்க, அங்க பேரை மறைக்காம எழுதினவங்க தான் மறைச்சவங்களை விட கடுமையா தாக்கியிருந்தாங்க. காரணம் யோசிச்சா புரியும், அவங்க மனசுல அவங்க தப்பே பண்ணல, அநியாயத்தை தட்டிக் கேக்கறோம்னு தான் நினைக்கிறாங்க, நல்ல காரியம் பண்ணும்போது பேரை ஏன் மறைக்கணும், பேர் தெரிஞ்சா தானே நாலு பேர் பாராட்டுவாங்க. உங்க குடும்ப வாட்ஸ்அப் குழுவுல யாராவது அனானியா, பேர் தெரியாதவங்களா இருக்காங்களா? அங்க சண்டை வராம இருக்கா?

இதுல எனக்கு நிஜமாவே பயமா இருக்கிறது என்னன்னா, இந்த மாதிரி சட்டம் வந்தா திட்டுறவன் முதல்ல பாதிக்கப்படறதில்ல. அவன் அடுத்தவன் எண்ணை திருடிட்டு வந்துடுவான், இல்ல சொந்தப் பேர்லயே தைரியமா திட்டுவான். வாயை மூடிக்கிறது யாருன்னா வேலை செய்யற இடத்துல நடக்கிற ஊழலை சொல்ல வந்தவங்க, வீட்டுல அடி வாங்குறவங்க, தன்னைப் பத்தி இன்னும் வீட்டுல சொல்ல முடியாத பசங்க. கூகுள் ப்ளஸ்னு ஃபேஸ்புக் மாதிரி ஒரு தளத்தை கூகுள் 2011ல ஆரம்பிச்சப்ப சொந்தப் பேர் கட்டாயம்னு சொன்னதுக்கு இந்த மாதிரி ஆளுங்ககிட்ட இருந்து தான் பெரிய எதிர்ப்பு வந்துச்சு, 2014ல அந்த விதியையே எடுத்துட்டாங்க.

அக்கா, நான் ப்ரோக்ராமிங் பத்தின ஒரு குழுவுல ஆம்பளைப் பேர் மாதிரி தெரியற ஒரு ஐடியில தான் எழுதுறேன். என் பேர்ல இருந்தப்ப கேட்ட கேள்வியை விட்டுட்டு வேற எல்லாம் விசாரிச்சாங்க. இப்ப நிம்மதியா இருக்கு, ஆனா ஏமாத்துறேனோன்னு உறுத்துது.

உறுத்த வேண்டியதே இல்லம்மா. நீங்க அங்க போறது கோடு, அதாவது ப்ரோக்ராம் எழுத, உங்க கோடு பொய் சொல்லல. ப்ரோக்ராம் எழுதுறவங்க கோடை பகிர்ந்துக்கற கிட்ஹப் தளத்துல பெண்கள் அனுப்பற கோடை எத்தனை தடவை ஏத்துக்கறாங்கன்னு 2017ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. அந்த ப்ராஜெக்ட்டுக்கு வெளியாளா வர்றவங்களை மட்டும் எடுத்துக்கிட்டா, ப்ரொஃபைல்ல ஆணா பெண்ணான்னு தெரியாத வரைக்கும் பெண்களோட கோடு 71.8 சதவீதம் ஏத்துக்கப்பட்டுச்சு, பெண்ணுன்னு தெரிஞ்சதும் 62.5க்கு இறங்கிடுச்சு. ஆண்களுக்கும் இறங்குது, ஆனா இவ்ளோ இல்ல. நீங்க ஒளிச்சு வெச்சது வேலையை எடை போடுறவங்க பாக்கவே தேவையில்லாத ஒண்ணு.

பேரை மறைக்கிறது புதுசும் இல்ல, இங்கிலாந்து எழுத்தாளர்களான ப்ரான்டே சகோதரிகள் 1846ல முதல் கவிதைப் புத்தகத்தை பெண் பேருன்னு தெரியாத மாதிரி பேர் வெச்சு தான் போட்டாங்க. புள்ளியியல் படிச்சவங்க தினமும் பயன்படுத்துற டி-டெஸ்ட்ங்கிற கணக்கு முறையை 1908ல வெளியிட்ட வில்லியம் காஸெட், கின்னஸ் மதுபான ஆலையில வேலை பாத்தவர், கம்பெனி சொந்தப் பேர்ல கட்டுரை போட விடாததால "ஸ்டூடண்ட்"னு போட்டுக்கிட்டார். ஒண்ணே ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, அந்த ஐடியில யார்கூடயாவது நெருக்கமான நட்பு ஆகி அவங்க தன் சொந்த விஷயம் எல்லாம் உங்ககிட்ட சொல்ற அளவுக்கு போனா அப்ப சொல்லிடுங்க. அங்க வந்ததும் அது கோடு சமாச்சாரம் இல்ல.

என் கல்யாண வாழ்க்கையில இருக்கிற கஷ்டத்தை பெத்தவங்ககிட்டகூட சொன்னதில்ல. ஆனா வேற பேர்ல ஒரு குழுவுல முன்ன பின்ன தெரியாதவங்ககிட்ட எல்லாத்தையும் கொட்டுறேன். தெரிஞ்சா அசிங்கம்னு என் அக்கா திட்டுறா. நான் செய்யறது தப்பா?

தப்பே இல்ல. இந்தக் கடிதத்தை நான் ரெண்டு தடவை படிச்சேன், நீங்க எழுதினது நல்லதுன்னு முதல்ல சொல்லிக்கிறேன்.

பேர் தெரியாத இடத்துல மனசு திறக்கிறது நெட்டோட வந்ததில்ல. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935ல அமெரிக்காவுல ஆரம்பிச்சுது, குடியை விட நினைக்கிறவங்க முழுப் பேர் சொல்லாம ஒருத்தர் முன்னாடி ஒருத்தர் உக்காந்து பேசுறாங்க, அந்த ரகசியம் தான் அந்த அமைப்போட அஸ்திவாரமே. 1953ல லண்டன்ல சாட் வாரான்னு ஒரு பாதிரியார் சமாரிட்டன்ஸ் ஆரம்பிச்சார், சாகணும்னு தோணுறவங்க போன் பண்ணி பேசலாம், பேர் சொல்ல வேண்டியதில்ல. ஆடம் ஜாயின்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2001ல காட்டினது என்னன்னா, நேர்ல உக்காந்து பேசுறதை விட முகம் பாக்காம டைப் பண்ணி பேசும்போது மனுஷங்க தன்னைப் பத்தி ரொம்ப அதிகமா சொல்றாங்க. மேல சொன்ன சூலர் கூட கூச்சம் விட்டுப்போறதுக்கு ரெண்டு பக்கம் உண்டுன்னு தான் சொல்றார், ஒரு பக்கம் வசை, இன்னொரு பக்கம் இது. திட்ட விடுற அதே இருட்டு தான் அழவும் விடுது. முகமூடியை பிடுங்குன்னு சொல்றவங்க உங்களை மாதிரி ஆளுங்களை கணக்குலயே எடுக்கறதில்ல, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

சில விஷயத்துல மட்டும் ஜாக்கிரதை. ஊர், பிள்ளைங்க ஸ்கூல், கல்யாண தேதி மாதிரி விவரம் வேண்டாம், கஷ்டத்தை சொல்ல அது தேவையும் இல்ல. ரொம்ப ஆறுதலா பேசிட்டு உடனே "தனியா பேசலாம் நம்பர் குடுங்க"ன்னு வர்றவங்களை தள்ளியே வைங்க. அந்த குழுவுல பத்து பேர் சேர்ந்து "விட்டுட்டு வந்துடு"ன்னோ "பொறுத்துக்கோ"ன்னோ சொன்னா அவங்களுக்கு தெரிஞ்சது நீங்க எழுதின நாலு பத்தி மட்டும் தான்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. அடி உதைன்னு எதாவது இருந்தாலோ உயிரை விட்டுடலாம்னு தோணினாலோ குழு போதாதும்மா, உங்க கைய பிடிக்கிற தூரத்துல ஒரு ஆள் வேணும், டாக்டரோ கவுன்சலரோ உங்களுக்குன்னு நிக்கிற ஒரு தோழியோ, இப்ப திட்டுற உங்க அக்காவாகக்கூட இருக்கலாம்.

நான் எங்கயும் பேர், போட்டோ எதுவும் போடறதில்ல. அப்ப என்னை யாராலயும் கண்டுபிடிக்க முடியாது தானே?

முடியும். ஏஓஎல்னு ஒரு அமெரிக்க இன்டர்நெட் நிறுவனம் 2006ல ஆராய்ச்சிக்குன்னு சுமார் 6.5 லட்சம் பேர் தேடின தேடல்களை பேருக்கு பதிலா வெறும் நம்பர் போட்டு வெளியிட்டுச்சு, சில நாள்லயே பத்திரிகைக்காரங்க அந்த தேடல்களை மட்டும் படிச்சு ஒரு நம்பருக்கு பின்னாடி இருந்த பெண்மணி வீட்டு வாசல்ல போய் நின்னுட்டாங்க. பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அஞ்சல் குறியீடு, இந்த மூணு மட்டும் இருந்தா அமெரிக்காவுல 87 சதவீதம் பேரை தனியா பிரிச்சு எடுத்துடலாம்னு லதான்யா ஸ்வீனிங்கிற ஆராய்ச்சியாளர் 2000லயே கணக்கு போட்டு காட்டினாங்க. எழுத்து நடையும் காட்டிக் குடுக்கும், 2013ல ஹாரி பாட்டர் எழுதின ஜே.கே.ரௌலிங் வேற பேர்ல துப்பறியும் நாவல் எழுதினது வெளிய வந்தப்ப கம்ப்யூட்டர்ல வார்த்தைப் பழக்கத்தை ஒப்பிட்டு பாத்ததும் ஒரு காரணம். இது போக நீங்க எந்த நெட் இணைப்புல இருந்து லாகின் பண்றீங்கன்னு காட்டுற ஐபி விவரம் எல்லாம் பெரும்பாலும் தளத்துக்காரங்ககிட்ட இருக்கும், கோர்ட் கேட்டா குடுத்துடுவாங்க. பக்கத்துல இருக்கிறவங்களுக்கு தெரியாம இருக்கிறதுக்கு நீங்க செய்யறது போதும், தேடியே ஆகணும்னு கிளம்பினவங்களுக்கு போதாது.

ஒரு விவாதக் குழுவுக்கு நான் தான் அட்மின், ஆள் கூடிக்கிட்டே போகுது, சண்டையும் கூடுது. அனானி பதிவை மொத்தமா நிறுத்திடலாமா, இல்ல சொந்தப் பேர்ல தான் வரணும்னு சொல்லிடலாமா?

ரெண்டும் வேண்டாம் தம்பி, நடுவுல ஒரு வழி இருக்கு. ஹஃபிங்டன் போஸ்ட்ங்கிற அமெரிக்க செய்தி தளத்துல 2013, 2014 வாக்குல கமெண்ட் போடுற விதியை ரெண்டு தடவை மாத்தினாங்க. முதல்ல யார் வேணா நினைச்ச நேரம் புது பேர்ல வரலாம். அப்புறம் புனைபேர் வெச்சுக்கலாம், ஆனா பின்னாடி ஒரு உறுதி பண்ணின கணக்கு இருக்கணும், தூக்கிப் போட்டுட்டு வேற பேர்ல வர்றது சுலபம் இல்ல. அதுக்கப்புறம் ஃபேஸ்புக் பேர்ல தான் எழுதணும்னு ஆச்சு. கோடிக்கணக்கான கமெண்ட்டை வெச்சு பின்னாடி ஆராய்ச்சி பண்ணவங்க, எதிர்த்தரப்பை யோசிச்சு பக்குவமா எழுதறது நடுவுல இருந்த அந்த காலத்துல தான் அதிகமா இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சாங்க, சொந்தப் பேருக்கு மாறினதும் அது இறங்கிடுச்சு.

இதுல இருந்து நான் எடுத்துக்கறது, ஒரு ஆளோட நிஜப் பேர் உங்களுக்கு எதுக்கு, அந்த ஐடிக்கு ஒரு பழைய கதை இருந்தா போதும். மூணு வருஷமா ஒரே புனைபேர்ல எழுதி நாலு பேருக்கு உதவி பண்ணி "அவர் சொன்னா சரியா இருக்கும்"னு பேர் வாங்கின ஆளுக்கு அந்த புனைபேரே சொத்து, அதை ஒரு வசைக்காக கெடுத்துக்க மாட்டார். அரை மணி நேரம் முன்னாடி திறந்த ஐடிக்கு இழக்க ஒண்ணும் இல்ல. அதனால புனைபேரை விடுங்க, மாத்தி மாத்தி வர்றதை கஷ்டமாக்குங்க, புதுசா வர்றவங்க முதல் சில நாள் எழுதுறது உங்க கண்ணுல பட்டுட்டு போகட்டும். நிஜமாவே யாருன்னு தெரியக்கூடாத விஷயம் யாருக்காவது இருந்தா உங்களுக்கு தனியா அனுப்பட்டும், நீங்க பேர் இல்லாம போடுங்க, அப்ப பொறுப்பு உங்க கையில இருக்கு.

விதியை எல்லாரும் பாக்கிற மாதிரி மேலயே வைங்க, இது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. ரெட்டிட்ங்கிற விவாத தளத்துல அறிவியல் பேசுற பெரிய குழுவுல நேத்தன் மத்தியாஸ்னு ஒருத்தர் சோதனை பண்ணி 2019ல எழுதினார், ஒவ்வொரு விவாதத்துக்கும் மேல விதியை ஒட்டி வெச்சதுமே புதுசா வர்றவங்க விதியை மதிக்கிறது 8 சதவீதப் புள்ளிக்கு மேல கூடிச்சு, புதுசா பேச வர்றவங்களும் கூடினாங்க. திட்டு விழும்னு பயந்து ஒதுங்கி இருந்தவங்களுக்கு இங்க மரியாதை இருக்குன்னு தெரிஞ்சதும் வாய் திறக்கிறாங்கன்னு தான் நான் புரிஞ்சுக்கறேன். அப்புறம் ஒவ்வொரு த்ரெட்லயும் முதல்ல விழுற நாலு கமெண்ட்டை கவனிங்க, பின்னாடி வர்றவங்க அதே தாளத்துல தான் வருவாங்க. அங்க ஒரு வசை விழுந்தா ராத்திரி வரைக்கும் விட்டு வைக்காதீங்க, உடனே எடுங்க, எடுத்ததுக்கு என்ன காரணம்னு எல்லாருக்கும் தெரியற மாதிரி ஒரு வரி எழுதுங்க. கூட ரெண்டு மூணு மாடரேட்டர் சேத்துக்கோங்க, தனி ஆளா தினமும் இந்த அழுக்கை படிச்சா உங்க மனசும் கெட்டுடும்.

ஒரு ஃபேக் ஐடி ரொம்ப நாளா என்னைத் துரத்தித் துரத்தி அசிங்கமா எழுதுது. யாருன்னு கண்டுபிடிச்சு போட்டோ, அட்ரஸோட எல்லா இடத்துலயும் போட்டுடலாம்னு என் நண்பர்கள் கிளம்பியிருக்காங்க. சரின்னு சொல்லவா?

சொல்லாதீங்க, தயவு செஞ்சு அவங்களை நிறுத்துங்க. உங்க ஆத்திரம் எனக்கு புரியுது, ஆனா 2013ல பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு நடந்தப்ப ரெட்டிட்ல ஆயிரக்கணக்கான பேர் போட்டோவை எல்லாம் பெருசு பண்ணி பாத்து குற்றவாளியை கண்டுபிடிக்கறோம்னு இறங்கினாங்க, கடைசியில சம்பந்தமே இல்லாம ஏற்கனவே காணாமப் போயிருந்த ஒரு மாணவர் மேல பழியைப் போட்டுட்டாங்க. பிள்ளையைத் தேடிக்கிட்டிருந்த அந்த குடும்பத்துக்கு வசவும் மிரட்டலும் போச்சு, அந்தப் பையன் இறந்துட்டான்னு அப்புறம் தான் தெரிய வந்துச்சு. ரெட்டிட் நிர்வாகம் வெளிப்படையா மன்னிப்பு கேட்டுச்சு, அதனால அந்த குடும்பத்துக்கு என்ன திரும்ப வரும்? அங்க இறங்கினவங்க எல்லாரும் நல்லது செய்யறோம்னு தான் இறங்கினாங்க. உங்க நண்பர்கள் தப்பான வீட்டு அட்ரஸைப் போட்டா அந்த வீட்டுல இருக்கிறவங்களுக்கு நீங்க தான் அந்த ஃபேக் ஐடி. சரியான ஆளையே பிடிச்சாலும் அட்ரஸ் போட்டதுக்கு கேஸ் உங்க மேல திரும்பலாம்.

பதில் எழுதுறதை இன்னையோட நிறுத்திடுங்க, நீங்க பதறுறது தான் அந்த ஐடிக்கு தீனி. ஆனா எதையும் அழிக்காதீங்க, ஒவ்வொண்ணையும் தேதி, நேரம், லிங்க் தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒரு ஃபோல்டர்ல போட்டு, அப்புறம் ரிப்போர்ட் பண்ணி பிளாக் பண்ணுங்க. மிரட்டலோ, உங்க போட்டோவை வெச்சு ஏதாவதோ இருந்தா அந்த ஃபோல்டரோட நேரா சைபர் க்ரைம் போலீஸ்கிட்ட போங்க, ஐபி விவரம் கேட்டு வாங்கற அதிகாரம் அவங்களுக்கு இருக்கு, உங்க நண்பர்களுக்கு இல்ல. அந்த நண்பர்களுக்கு வேற வேலை குடுங்க. இனிமே அந்த ஐடி எழுதுறதை நீங்க படிக்க வேண்டாம், அவங்க முறை வெச்சு படிச்சு ஸ்க்ரீன்ஷாட் எடுக்கட்டும், அது வசை எழுதுற இடத்துல நாலு பேர் அவங்கவங்க வழக்கமான ஐடியில வந்து "இது தப்பு, நாங்க இவங்க பக்கம்"னு ஒரு வரி மட்டும் போட்டுட்டு போகட்டும், அதுக்கு மேல வாக்குவாதம் வேண்டாம்.